நாற்பத்தேழாம் எண் பொத்தான்

ஆஷ் க்ரீக், வெர்மான்ட்
மே 1, 1994

அன்புள்ள வாரன்,

நலமாக இருக்கிறாயா? உன் அண்ணன் வீட்டு மாடியறையில் வெந்நீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்க நினைத்தேன். பிறகு அது இனி என் கவலை இல்லை என்று நினைவு வந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

இங்கே சேறு இன்னும் காயவில்லை. போன வாரம் மட்டும் நம் தெருவில் மூன்று கார்கள் அச்சுவரை புதைந்தன. ஒன்று பாதிரியாருடையது. அவர் என்ன சொல்லித் திட்டினார் என்பதுதான் இப்போது தபால் ஆபீசில் பேச்சு.

முதலில் முக்கியமான விஷயம். வக்கீல் ஆபீசிலிருந்து உனக்கு ஒரு உறை வந்திருக்கும். ஒன்பது பக்கங்கள், ஏழு கையெழுத்துகள். நான் போட வேண்டிய இடங்களில் போட்டுவிட்டேன். உன் இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். அக்டோபர் பதினான்காம் தேதி விசாரணை. அதற்குள் உன் கையெழுத்து வந்துவிட்டால் விவாகரத்து பத்து நிமிடத்தில் முடியும், வராவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும் என்கிறார் வக்கீல். எனக்கு இழுக்க மனம் இல்லை. கோபத்தில் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது, போதும் என்று சொல்கிறேன்.

இரண்டாவது விஷயத்துக்கு நீ கோபப்படலாம். நிலவறையில் நீ விட்டுப்போன மெட்டல் டிடெக்டரை எடுத்தேன். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆள் வந்து, மூடி எங்கே என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நீதான் புல்லுக்கு அடியில் புதைத்தாய். அவர் இரும்புக் கம்பியால் தோட்டமெல்லாம் குத்திக்கொண்டிருந்தபோது, உன் கருவி நினைவு வந்தது. பத்து நிமிடத்தில் மூடியைக் கண்டுபிடித்தேன். அவர், “மேடம், என்கூட வேலைக்கு வர்றீங்களா?” என்றார்.

மூடிக்கு இரண்டடி தள்ளி ஒரு பொத்தானும் கிடைத்தது. தட்டையானது, பின்னால் நூல் கோக்கும் காது இருக்கிறது. எறிந்துவிடவா?

அன்புடன்,
பாலெட்


ரட்லண்ட்
மே 6, 1994

அன்புள்ள பாலெட்,

எறியாதே. தேய்க்காதே. கழுவாதே. சட்டையில் துடைக்காதே. தங்கமுலாம் இருந்தால் கட்டைவிரல் பட்டாலே உரிந்து வந்துவிடும். இருநூறு வருஷம் மண்ணில் தாக்குப்பிடித்ததை ஒரே துடைப்பில் கெடுத்தவர்கள் எங்கள் டிடெக்டர்காரர்கள் சங்கத்திலேயே ஒன்பது பேர் இருக்கிறார்கள். நானும் ஒருவன்.

பொத்தான் எவ்வளவு அகலம்? ஒரு சென்ட் நாணயத்தோடு ஒப்பிட்டால் பெரியதா சின்னதா? காது தனியாகச் செய்து ஒட்டியதா, பொத்தானோடு சேர்த்தே வார்த்ததா? காதின் அடியில் சின்னக் கூம்பு இருக்கிறதா? விளிம்பு கூர்மையா, மழுங்கலா? பச்சை பூத்திருக்கிறதா, சாம்பல் நிறமா? பின்னால் எழுத்து உண்டா? இருந்தால் வட்டமாக ஓடுகிறதா?

மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் உருவம் காகிதத்தில் ஏறும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டையும் அனுப்பு. பின்பக்கம் மிக முக்கியம். முன்பக்கம் எல்லோரையும் ஏமாற்றும். வயதும் ஊரும் பின்பக்கத்தில்தான் இருக்கும். பின்பக்கம் பார்க்காமல் பொத்தானுக்குப் பெயர் சொல்பவனை எங்கள் சங்கத்தில் மதிக்கமாட்டார்கள்.

கருவிக்கு எட்டு பேட்டரி. ஈரத்தில் வைக்காதே.

வெந்நீர் வருகிறது, அண்ணன் குளித்து முடித்தபிறகு.

வாரன்


ஆஷ் க்ரீக்
மே 15, 1994

அன்புள்ள வாரன்,

ஒன்பது பக்கங்களைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். நீ கேட்ட கேள்விகளையும் எண்ணினேன். எட்டு.

சென்ட் நாணயத்தைவிடப் பெரியது. காது தனியாக ஒட்டியது. கூம்பு இல்லை. விளிம்பு மழுங்கல். பச்சை பூத்திருக்கிறது, நடுவில் மட்டும் வெயிலில் ஒரு மஞ்சள் மினுக்கு. பின்னால் வட்டமாக எழுத்து ஓடுகிறது. மும்முறை தங்கமுலாம் பூசியது என்று பெருமையடித்துக்கொள்கிறது. இரண்டு தேய்ப்பும் உள்ளே வைத்திருக்கிறேன். முதல் முயற்சியில் காகிதம் கிழிந்தது.

இன்னொரு செய்தி. நீ எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படி.

பண்ணைக்கார ஆர்டிஸ் ஸ்டில்வெல், நான் வேலை பார்க்கும் கால்நடை கிளினிக்குக்குப் போன் செய்தார். கன்று போட்ட பசு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வேறு பண்ணையில் இருந்தார். கால்சியம் பாட்டிலை முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். நான் போனேன், அவர் வரும்வரை தொழுவத்தில் பசுவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நீ வாரன் ஹோல்கம் பொண்டாட்டிதானே?” என்றார் மிஸஸ் ஸ்டில்வெல்.

“அக்டோபர் வரைக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் நான் மட்டும்தான்.”

அவர் கொஞ்ச நேரம் பசுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். “உன் புருஷன் பதினோரு வருஷமா என் கீழ்வயல்ல தோண்ட அனுமதி கேட்டான். ஏன் குடுக்கலைன்னு தெரியுமா?”

“தெரியாது. ஒவ்வொரு வசந்தத்துலயும் உங்களைத் திட்டிட்டே வீட்டுக்கு வருவார்.”

“முதல் நாளே பால் லாரி வர்ற வழியில வண்டியை நிறுத்தினான். இறங்கினதும் என் வயல்ல என்ன இருக்குன்னு எனக்கே பாடம் எடுத்தான். அரை மணி நேரம். நாப்பது வருஷமா அதை உழறவ நான். அதுல கல்லைத் தவிர என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டானா?”

நான் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள். பசு எழுந்து நின்றபிறகு நான் செப்டிக் டேங்க் கதையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வழியனுப்பும்போது, “முதல் புல் வெட்டினப்புறம் நீ வேணா வந்து தோண்டிக்கோ. குழியை மூடிடணும். கூட யாரையும் கூட்டிட்டு வரக்கூடாது, யாருகிட்டயும் சொல்லக்கூடாது,” என்றார்.

நான் கேட்கவே இல்லை, வாரன். சத்தியமாக.

பாலெட்


ரட்லண்ட்
மே 20, 1994

அன்புள்ள பாலெட்,

மூன்று முறை படித்தேன். பிறகு டுவைட்டுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணன் என்பதற்காகச் செய்த தவறு அது. காபியை மேசையெல்லாம் சிந்திவிட்டு, “பதினோரு வருஷம்டா. அவ ஒரு மாட்டுத் தலையைப் பிடிச்சா, முடிஞ்சுது. நீ என்னிக்காவது அந்த மாட்டைப் பார்த்திருக்கியா?” என்கிறான். மாடுகள் வயலில் நின்றன, நான் வயலைப் பார்த்தேன் என்றேன். “அதான்,” என்றான்.

உன் பொத்தான் 1830-க்கு முன்பின். ஒரு விவசாயியின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டிலிருந்து விழுந்தது. மும்முறை முலாம் என்று பின்னால் போட்டிருந்தால் அநேகமாக ஒருமுறைதான் பூசியிருப்பார்கள். தேய்ப்பு அழகாக வந்திருக்கிறது. என் முதல் தேய்ப்பு அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

கீழ்வயலைப் பற்றிப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று. வடக்கு மூலையில் ஊற்று இருக்கிறது. 1777-ல், சுதந்திரப் போரில், பிரிட்டிஷ் படை ஏரி வழியாகத் தெற்கே இறங்கியபோது அவர்கள் நடந்த பாதைக்கு அது அரை மைல். தாகமான மனிதர்கள் தண்ணீர் இருக்கும் இடத்தில் கோட்டைக் கழற்றுவார்கள். கோட்டைக் கழற்றினால் பொத்தான் விழும்.

சரி, இதுவும் பாடம்தான்.

உறை வந்தது. மேசைமேல் இருக்கிறது. மூன்றாம் பக்கம்வரை படித்திருக்கிறேன்.

வாரன்


ஆஷ் க்ரீக்
ஜூன் 26, 1994

அன்புள்ள வாரன்,

முதல் புல் வெட்டி, கட்டி, ஏற்றியாகிவிட்டது. மூன்று சனிக்கிழமைகள் கீழ்வயலுக்குப் போனேன். மூக்கு வெந்துபோய் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. தேவாலயத்தில் கோழிக்கறி விருந்து நடந்தபோது எல்லோரும் என் மூக்கைத்தான் பார்த்தார்கள்.

முதல் நாள் இரண்டு ஆணி, ஒரு குதிரை லாடத்தில் பாதி, ஒரு பியர் டப்பா. இரண்டாம் நாள் மூன்று பொத்தான்கள், எல்லாம் தட்டை, எழுத்தே இல்லாதவை. தேய்ப்புகள் உள்ளே. வயலில் நடக்கும்போது அந்தக் கருவி காதுக்குள் முனகிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று ஒரு சுத்தமான ஓசை. மண்டியிட்டு மண்ணைக் கிளறும்போது, அது என்னவாக இருக்கும் என்று தெரியாத அந்த அரை நிமிடம் இருக்கிறதே. நீ சனிக்கிழமைதோறும் எங்கே போனாய் என்பது பத்தொன்பது வருஷம் கழித்து எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஒரு தடவை கூட்டிப் போயிருக்கலாம்.

ஏன் பிரிந்தேன் என்று போன வருஷம் நீ கேட்டாய். எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. நீ குடிப்பவன் இல்லை, அடிப்பவன் இல்லை. யாரிடமும் காட்டுவதற்கு என்னிடம் ஒரு காயமும் இல்லை. இப்போது உன் கடிதங்களைப் படிக்கும்போது புரிகிறது. அந்த வீட்டில் நான் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்த ஆள். பனி ஏன் இப்படி உருகுகிறது, கொதிகலன் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, என் அம்மா ஏன் அப்படிப் பேசுகிறாள், எல்லாம் நீ விளக்குவாய். பெரும்பாலும் சரியாகவே விளக்குவாய். ஆனால் தொடர்ந்து மூன்று கேள்விகள் நீ என்னைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இந்த மே மாதம், ஒரு பொத்தானுக்காக, எட்டு கேட்டாய். நீ கேட்டாய், நான் நன்றாகப் பார்த்துச் சொன்னேன், நீ நம்பினாய். அது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

நேற்று ஊற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று கிடைத்தது. சாம்பல் நிறம், கனமாக இருக்கிறது. முன்பக்கம் ஒரு வளையம், அதற்குள் 47 என்ற எண். பின்பக்கம் களிமண் கல்லாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நீ கழுவாதே என்றாய், கழுவவில்லை. முன்பக்கத் தேய்ப்பு மட்டும் அனுப்புகிறேன்.

நான்காம் பக்கத்துக்கு வந்தாயா?

பாலெட்


ரட்லண்ட்
ஜூலை 2, 1994

அன்புள்ள பாலெட்,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்தை மன்னித்துக்கொள்.

ஈயக்கலப்பு. வளையம். நாற்பத்தேழு. அந்தப் படையில் நாற்பத்தேழாவது ரெஜிமென்ட் இருந்தது, பாலெட். சாதாரணச் சிப்பாயின் சட்டைப் பொத்தான் ஈயக்கலப்பில்தான் இருக்கும். ஊற்றுக்குப் பக்கத்தில். நான் சொன்ன இடத்தில்.

வியாழக்கிழமை சங்கத்தில் உன் தேய்ப்பைக் காட்டினேன். முப்பது பேர் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். தலைவர், “இதை எடுத்தது யாருப்பா?” என்றார். “என் மனைவி,” என்றேன். “எங்கே?” என்றார். சொன்னேன். உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதும் ஒருவரும் அங்கே இருந்தார், அடுத்த வாரம் போடுவார். பண்ணையின் பெயர், உன் பெயர், ரெஜிமென்ட் எல்லாம் வரும். பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

உன் ஜூன் கடிதத்தின் நடுப்பகுதியைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும். அடுத்த கடிதத்தில்.

வாரன்


ஆஷ் க்ரீக்
ஜூலை 18, 1994

வாரன்,

பத்திரிகை புதன்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை ஸ்டில்வெல் பண்ணைப் பாதையில் ஏழு கார்கள். ஒன்று நியூ ஜெர்சியிலிருந்து. பால் லாரி திரும்ப இடமில்லாமல் நாற்பது நிமிடம் சாலையில் நின்றது. ஒருவர் வேலியைத் தாண்டிக் கீழ்வயலுக்குள் குதித்து ஆறு குழி தோண்டினார், ஒன்றையும் மூடவில்லை. ஒரு கன்றுக்குட்டி அதில் காலை விட்டு நொண்டுகிறது. எலும்பு முறியவில்லை, டாக்டர் பார்த்துவிட்டார். நான்தான் கட்டுப் போட உதவினேன்.

கட்டு முடிந்து கையைக் கழுவும்போது மிஸஸ் ஸ்டில்வெல் சொன்னார். “யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன்.”

“நான் வாரன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

“அவன் யாருமில்லையா?”

யோசித்துப் பார்த்தால், தப்பு என் பக்கமும் இருக்கிறது. உன்னிடம் சொல்வதை யாரிடமோ சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் மே மாதக் கடிதத்தில் அவர் வார்த்தையை அப்படியே எழுதியிருந்தேன். நீ படித்தாய். டுவைட்டுக்கும் வாசித்துக் காட்டினாய்.

பொத்தானைக் கையில் கொடுத்தேன், இதற்காகத்தான் இத்தனை பேர் என்று. அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடக்கூட இல்லை.

“இதுவா? இது என் மாமனாரோட வேலைக் கால்சட்டைப் பொத்தான்.”

“இல்லைங்க, இது பிரிட்டிஷ் படை...”

“அவர் படைக்குப் போனதே இல்லை, சந்தைக்குத்தான் போவார். தோள்பட்டி வச்ச கால்சட்டை. நாப்பத்தேழுங்கறது அதோட ரகம். பெட்டியில இன்னும் ரெண்டு கால்சட்டை கிடக்கு. வா.”

போனேன். கிடந்தது. வளையம், 47, அதே கனம். தொழுவக் குழாயடியிலேயே என் பொத்தானின் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டிக் கழுவினேன். காது இல்லை, வாரன். துணியில் குத்தி அடிக்கும் ஆணிமுனைதான் இருக்கிறது. தேய்ப்பு உள்ளே.

நீதானே சொன்னாய், பின்பக்கம் பார்க்காமல் பெயர் சொல்லக்கூடாது என்று. ஒரு கடிதம் எழுதி, “கழுவிவிட்டு இன்னொரு தேய்ப்பு அனுப்பு,” என்று நீ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உனக்குப் பதில் முன்பே தெரிந்திருந்தது. பத்தொன்பது வருஷமும் இப்படித்தான். நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நீ பெயர் வைத்துவிடுவாய்.

இனி எனக்கு அந்த வயலில் இடமில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் இடம் அது.

இன்னொன்று. முப்பது பேர் முன்னால் என்னை மனைவி என்று சொன்னாய். அந்தச் சொல்லுக்கு அக்டோபர்வரை உனக்கு உரிமை உண்டு. ஆனால் என்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பாலெட்


ஆஷ் க்ரீக்
ஆகஸ்ட் 14, 1994

வாரன்,

நான்கு வாரமாக ஒரு வரியும் இல்லை. உடம்பு சரியில்லையா என்று டுவைட்டுக்குப் போன் செய்தேன். “நல்லாத்தான் இருக்கான். சனிக்கிழமைல எங்கேயோ போறான், எங்கேன்னு சொல்ல மாட்டேங்கறான். உனக்குப் பழகினதுதானே?” என்று சிரித்தான். அப்படியானால் சரி.

ஜூலையில் எழுதியதில் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீ எழுதாமல் இருப்பது எனக்கு நன்றாக இல்லை. இதையும் எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

கன்று ஓடுகிறது. சோளம் நன்றாக வந்திருக்கிறது.

பாலெட்


ரட்லண்ட்
ஆகஸ்ட் 23, 1994

அன்புள்ள பாலெட்,

நான்கு கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டாம் பத்தியில் நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நான் தப்பு செய்தேன்.

ஆகஸ்ட் கூட்டத்தில் எழுந்து நின்று அதையே சொன்னேன். பின்பக்கம் பார்க்காமல் பெயர் சொன்னேன், அது வேலைக் கால்சட்டைப் பொத்தான், பண்ணையின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, இருந்தும் சொன்னேன் என்று. பிறகு பின்வரிசையில் ஒருவர், “நான் ஒரு தடவை பல் செட்டு கிளிப்பை ரோமானிய நகைன்னு சொன்னேன், வெர்மான்ட்ல,” என்றார். அதற்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை, ஆளாளுக்கு அவரவர் தப்பைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை திருத்தம் போட்டது. நான்கு வரி, கோழித்தீவன விளம்பரத்துக்குக் கீழே.

உன் ஜூன் கடிதத்தின் நடுப்பகுதியை அடிக்கடி படிக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை, கேள்விகள்தான் இருக்கின்றன. பனி உருகுவதைப் பற்றி நான் பேசும்போது நீ என்ன நினைத்துக்கொண்டிருப்பாய்? கல்லூரியில் நீ உயிரியல் படித்தாய், மேலே படிக்க இடம் கிடைத்தும் போகவில்லை. அது என்னாலா? உன் அம்மா ஏன் அப்படிப் பேசினாள் என்று நீ என்ன நினைத்தாய்? பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்காமல் விட்டவை இவை என்று தெரிவிக்கிறேன்.

ஒன்பது பக்கமும் படித்துவிட்டேன். ஏழு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உள்ளே இருக்கிறது. மே மாதமே போட்டிருக்க வேண்டும். நீ தேய்ப்பு அனுப்பிக்கொண்டிருக்கும்வரை எழுதிக்கொண்டிருப்பாய் என்று நினைத்து இழுத்தேன். அது நேர்மையில்லை. உனக்கு வேண்டியது இதுதான் என்று நீ முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டாய்.

எட்டாம் பக்கத்தில் மெட்டல் டிடெக்டர் எனக்கு என்று போட்டிருக்கிறது. அதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதியிருக்கிறேன். வக்கீல் திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்.

வாரன்


ஆஷ் க்ரீக்
செப்டம்பர் 10, 1994

அன்புள்ள வாரன்,

உறை கிடைத்தது. ஏழு கையெழுத்தும் இருக்கிறது. உன் கையெழுத்து இவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அதை வக்கீலுக்கு அனுப்பினேன். தயங்கவே இல்லை என்று சொன்னால் பொய். தபால் ஆபீசில் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நம் பாதிரியார், “பாலெட், போடப் போறியா, இல்ல காத்து வாங்கறியா?” என்றார். போட்டேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், பிறகு ஒரு பெரிய ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அக்டோபர் பதினான்கு அன்று நீ வரத் தேவையில்லையாம்.

நேற்று மிஸஸ் ஸ்டில்வெல் கிளினிக்குக்கு வந்தார். பூனைக்குப் பூச்சி மருந்து. மருந்து வாங்கியும் போகாமல் நின்றார்.

“உன் ஆளு ஆறு சனிக்கிழமையா என் பாதை முனையில நிக்கறான், தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“காலையில ஆறரைக்கு வந்துடுவான், நிலம் அளக்கற வேலைக்குப் போடற அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கிட்டு. மெஷினோட எவன் வந்தாலும், அது கால்சட்டைப் பொத்தான், தப்பு என்னுது, திரும்பிப் போங்கன்னு சொல்லி அனுப்பறான். இருபத்தி மூணு பேரு. நான் எண்ணினேன். பால் லாரி வந்தா இவனே ஓடிவந்து வழி விடறான்.”

“வயலுக்குள்ள வந்தாரா?”

“எங்கே? ஆறு வாரமும் வயலுக்கு முதுகைக் காட்டிட்டே நின்னான். கடைசி வாரம் நானே போய், என்ன வேணும்டா உனக்குன்னேன். ஒண்ணும் வேணாம், பாலெட்டை மறுபடியும் உள்ள விடுங்கன்னான். அவ்வளவுதான். பாடம் எடுக்கலை. எனக்கே ஆச்சரியமாப் போச்சு, காய்ச்சல் ஏதாவது இருக்கான்னு கேட்டேன்.”

இதை நீ கடிதத்தில் எழுதவில்லை. அதைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதையும் விளக்கும் நீ இதை எனக்கு விளக்கவில்லை.

எனக்கு வயல் திரும்பக் கிடைத்துவிட்டது. கடைசிப் புல் வெட்டியதும் போகலாம். இந்த முறை நான் கேட்டேன். கூட ஒருவரை அழைத்து வரலாமா என்று. அவர் மருந்துப் பாட்டிலைப் பையில் போட்டு மூடினார்.

“ஒரு மெஷின்தான்.”

“ஒண்ணுதான். அது என்னுது. வர்றவர் மண்வெட்டி பிடிப்பார், குழி மூடுவார்.”

“அவனை யாருன்னு நான் சொல்லிக்கறது? உன் புருஷன்னு இனிமே சொல்ல முடியாதே.”

“எனக்கும் தெரியலை. பேரு வாரன்.”

“சரி. இப்போதைக்குப் பேரு போதும்,” என்றார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நீ கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். போட்டதால் கூப்பிடுகிறேன். அக்டோபருக்குப் பிறகு நாம் என்ன என்பதற்கு அவசரமாக ஒரு பெயர் வைக்க வேண்டாம். உன் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. நீளமான பதில்கள். கடிதத்தில் அடங்காது. குழி தோண்டும்போது சொல்கிறேன், நீ நடுவில் பேசாமல் கேட்க வேண்டும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, ஏழு மணி. வருவாய் என்றால் ஒரு வரி எழுது. வர விருப்பமில்லை என்றாலும் எழுது.

அன்புடன்,
பாலெட் துப்ரே

பி.கு. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுப் பெயரில் நான் போடும் முதல் கையெழுத்து இது. நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. ‘து’ கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. சிரிக்காதே.